ரொட்டி மெஷின் எப்படி வேலை செய்கிறது, எதைப் பார்த்து வாங்குவது?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ரொட்டி மெஷின் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, “எத்தனை புரோகிராம் இருக்கு?” அடுத்தது, “எத்தனை வாட்?” அப்புறம், “ஷாப்பியில என்ன விலை?” இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் வாங்கிவிடுகிறார்கள். தீபாவளிக்கு வாங்கிய மெஷின் பொங்கலுக்குள் அலமாரிக்கு மேலே போன வீடுகள் எங்கள் தாமானிலேயே, அதாவது குடியிருப்பிலேயே, உண்டு.

மாவைக் கொட்டிப் பட்டனை அமுக்கினால் போதும், பேக்கரி ரொட்டி மாதிரியே வந்துவிடும் என்கிறார்கள் சிலர். அதெல்லாம் வீண் செலவு, ரொட்டி கல் மாதிரி வரும், நடுவில் குழி விழும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பேரும் தங்கள் வீட்டில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்காததால், ஒரே மெஷின் ஒரு வீட்டில் நல்ல பெயரும் பக்கத்து வீட்டில் கெட்ட பெயரும் வாங்குகிறது. அதைப் புரிந்துகொண்டால் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது விளங்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொட்டி மலிவாகக் கிடைக்கிற நாடு இது. கடையில் கார்டினியா ரொட்டி அடுக்கியிருக்கிறது, மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்பவர் இன்னமும் வீட்டு வாசலுக்கு வருகிறார். காசு மிச்சமாகும் என்று நினைத்து மெஷின் வாங்காதீர்கள். போட்ட பணம் சீக்கிரம் திரும்பி வராது. வெள்ளிக்கிழமை சைவத்துக்கு முட்டை சேராத ரொட்டி வேண்டும், வீட்டுப் பெரியவர்களுக்கு உப்பும் சீனியும் எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும், காலையில் சூடான ரொட்டியில் காயா தடவித் தின்ன வேண்டும். இதற்காக என்றால் தாராளமாக வாங்கலாம்.

ரைஸ் குக்கருக்குத் தெரிகிறது, ரொட்டி மெஷினுக்குத் தெரியாது

ரொட்டி மெஷினையும் ரைஸ் குக்கர் போலவே நினைத்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். இரண்டிலும் பொருளைப் போட்டு, மூடி, பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது. வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கிற வித்தியாசம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

சாதாரண ரைஸ் குக்கரின் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அடிப்பக்கம் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும். தண்ணீர் இருக்கும்போது அதற்கு மேல் பெரிதாக ஏறாது. அரிசி தண்ணீரை உறிஞ்சி முடித்ததும் சூடு மேலே ஏறும். அந்தச் சூட்டில் காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் தள்ளும், ‘டக்’ என்று சுவிட்ச் மேலே வரும். அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினாலும் ஒரு லிட்டர் ஊற்றினாலும், தண்ணீர் தீர்ந்ததை அது உணர்ந்து நிற்கிறது. மணி பார்ப்பதே இல்லை.

ரொட்டி மெஷினுக்கு மணி மட்டும்தான் தெரியும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் புரோகிராம் என்பது ஒரு நேர அட்டவணை: இத்தனை நிமிடம் பிசை, இத்தனை நிமிடம் சும்மா இரு, மறுபடி கொஞ்சம் பிசை, இன்னும் ஒரு மணி நேரம் காத்திரு, பிறகு சுடு. நேரம் முடிந்தால் அடுத்த வேலைக்குப் போய்விடும். மாவு பாதிதான் உப்பியிருந்தாலும் போகும், உப்பி உப்பி விழுகிற நிலையில் இருந்தாலும் அந்த நேரம் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். மாவின் உயரத்தை அளக்கிற கண் வீட்டு மெஷின்களில் கிடையாது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ரைஸ் குக்கர் அரிசியின் நிலையை உணர்ந்து நிற்கிறது, ரொட்டி மெஷின் நேரத்தை எண்ணி நகர்கிறது. ஆகவே அந்த நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி மாவைக் கொடுப்பது நம் பொறுப்பாகிறது.

மாவு எப்படி ரொட்டியாகிறது

மெஷினைத் திறந்து பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கீழே ஒரு மோட்டார். அதன் அச்சில் மாட்டிய பிசையும் துடுப்பு. மாவு போடும் பாத்திரம். பாத்திரத்தைச் சுற்றி ஒரு சூடேற்றும் கம்பி. உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்க ஓர் உணரி. இவற்றை இயக்கும் சின்ன எலெக்ட்ரானிக் பலகை. கவனித்துக்கொள்ளுங்கள்: சூடேற்ற வழி இருக்கிறது, குளிரவைக்க வழி இல்லை. நம் ஊருக்கு இது முக்கியம், கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

முதல் வேலை பிசைதல். கோதுமை மாவில் இருக்கிற புரதம் தண்ணீரோடு சேர்ந்து, பிசையப் பிசைய, ரப்பர் போல இழுபடும் வலையாக மாறுகிறது. அந்த வலைக்குப் பெயர் குளூட்டன். அரிசி மாவிலோ கேழ்வரகு மாவிலோ இந்த வலை உருவாகாது. அதனால்தான் அவற்றை மட்டும் போட்டால் சாதாரண புரோகிராமில் ரொட்டி எழும்பாது. நன்றாகப் பிசைந்த மாவில் ஒரு சிறு உருண்டையை எடுத்து இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தோலாக விரிந்தால் வலை தயார். பாதியிலேயே கிழிந்தால் இன்னும் பிசைய வேண்டும்.

மெஷினால் பிசைய வைப்பது அத்தனை சுலபமாக வந்துவிடவில்லை. ஜப்பானில் மத்சுஷிதா நிறுவனம், அதாவது இன்றைய பானசோனிக், 1980களின் நடுவில் வீட்டு ரொட்டி மெஷின் செய்ய முயன்றபோது மாவு சரியாகப் பிசைபடவில்லை. வெளிப்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. மென்பொருள் எழுதும் வேலையில் இருந்த இகுகோ தனாகா என்ற பெண்மணி, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் கற்றுக்கொண்டார். அந்த ரொட்டிக்காரர் மாவை வெறுமனே அமுக்காமல் இழுத்து முறுக்குவதைத் தனாகா கவனித்தார். சுற்றுகிற துடுப்பால் மட்டும் அதைச் செய்ய முடியாது. மாவு ஓரிடத்தில் பிடிபட்டு நிற்க வேண்டும். அதற்காகப் பாத்திரத்தின் உட்சுவரில் மேடு மேடாக வரம்புகள் வைத்தார்கள். துடுப்பு மாவைச் சுழற்றும், வரம்பு மாவைப் பிடித்து இழுக்கும். அந்த மெஷின் 1987இல் கடைக்கு வந்தது. இன்றும் கடையில் ஒரு ரொட்டி மெஷினின் மூடியைத் திறந்தால் நான் முதலில் உள்ளே கையை விட்டு அந்த வரம்பு இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்ப்பேன்.

இரண்டாவது வேலை உப்ப விடுதல். ஈஸ்ட் என்பது உயிருள்ள நுண்ணுயிர். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளிவிடுகிறது. இதைத்தான் நொதித்தல் என்கிறோம். அந்த வாயு குளூட்டன் வலைக்குள் மாட்டிக்கொள்வதால் மாவு உப்புகிறது. வலை பலமாக இருந்தால் வாயுவைத் தாங்கும். பலம் இல்லாவிட்டால் கசிந்துவிடும்.

மூன்றாவது சுடுதல். சூடு ஏறும்போது ஈஸ்ட் கடைசியாக ஒரு வேகம் காட்டும், வாயுவும் விரியும், ரொட்டி இன்னும் கொஞ்சம் எழும்பும். ஏறக்குறைய 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். அதற்கு மேல் மாவுச்சத்து தண்ணீரை இழுத்து இறுகும், புரதமும் கெட்டியாகும். உப்பிய உருவம் அப்படியே நிலைத்துவிடும். ரொட்டியின் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டினால் வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: பிசைவது வலை பின்னுகிறது, ஈஸ்ட் அதற்குள் காற்றடைக்கிறது, சூடு அதை அப்படியே நிறுத்துகிறது. மூன்றில் முதலாவதையும் கடைசியையும் மெஷின் நன்றாகச் செய்யும். நடுவில் இருப்பது உயிருள்ள பொருளின் வேலை; அதற்கு மெஷினின் அட்டவணை தெரியாது.

நம் ஊர் வெக்கையில் என்ன ஆகிறது

மெஷினோடு வரும் கையேட்டைப் படித்தால் பலவற்றில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கும். 20 டிகிரியில் இருக்கிற சமையலறையை நினைத்து எழுதியது அது. நம் சமையலறை மத்தியானத்தில் 30, 32 டிகிரி. தகரக் கூரையின் கீழே இருக்கும் பின்கட்டுச் சமையலறை என்றால் இன்னும் மேலே. மாவு டப்பாவும் அதே சூட்டில்தான் இருக்கிறது, குழாய்த் தண்ணீரும் வெதுவெதுப்புக்குக் கிட்டத்தான் வருகிறது. இதோடு இருபது நிமிடம் பிசையும்போது உரசலால் மாவு இன்னும் சூடேறும். பிசைந்து முடிக்கும்போது 35 டிகிரியை நெருங்கிவிடலாம்.

ஈஸ்ட்டுக்கு அது கொண்டாட்டம். 20 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும். மெஷினோ, அட்டவணைப்படி கடைசி ஒரு மணி நேரத்தைக் கடத்தியே தீரும். அரை மணி நேரத்திலேயே மாவு உச்சிக்குப் போய்விடும். அதற்கு மேல் வாயு சேரச் சேர வலை மெலிந்து, சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் மேல் தோல் வழவழப்பை இழந்து, அங்கங்கே ஊசி குத்தியது போல் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். விரலால் லேசாக அமுக்கினால் பள்ளம் மேலே வராது. சூடு வரும்போது விரிவதற்கு வலையில் பலம் மிச்சமில்லை. நடுவில் பொதுக்கென்று அமுங்கிவிடும். எல்லாரும் சொல்கிற அந்தக் குழி பெரும்பாலும் இப்படி விழுவதுதான். “மெஷின் சரியா சூடாகல” என்று கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது.

தீர்வு எளிது. ஐஸ்பெட்டியில் வைத்த குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். மாவின் சூடும் பிசையும் சூடும் சேர்ந்தாலும் கடைசியில் 25 டிகிரி பக்கம் வந்து நிற்கும், ரொட்டிக்கு அது நல்ல சூடு. ஈஸ்ட்டையும் கொஞ்சம் குறைக்கலாம். 300 கிராம் மாவுக்கு 3 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, நம் வெக்கைக்குத் தாராளம். பிசையும்போது மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே சூடு தங்காது. சுடும்போது மட்டும் திறக்காதீர்கள்.

உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ரத்த அழுத்தம் இருக்கிறது என்று சிலர் உப்பையே போடாமல் சுடுகிறார்கள். உப்பு ருசிக்கு மட்டுமல்ல. அது ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், குளூட்டன் வலையை இறுக்கும். அதை அடியோடு விட்டால் இந்த வெக்கையில் மாவு தலைதெறிக்க உப்பி விழும். மாவின் எடையில் 2 விழுக்காடு வழக்கமான அளவு. பாதியாகக் குறைக்கலாம், அப்படிக் குறைத்தால் ஈஸ்ட்டையும் சேர்த்துக் குறையுங்கள்.

குளிர்ந்த தண்ணீர், அளவான ஈஸ்ட், கொஞ்சமாவது உப்பு. மெஷினின் நேரத்துக்கு மாவை இழுத்துப் பிடிப்பது இந்த மூன்றும்தான்.

மாவுதான் பாதி

மெஷின்மேல் விழும் பழியில் பெரும்பகுதி மாவுக்குப் போக வேண்டியது. மளிகைக் கடையில் சாதாரணமாகக் கோதுமை மாவு என்று கேட்டால் கிடைப்பது பலகாரத்துக்கும் ரொட்டி சானாய்க்கும் போடுகிற பொது மாவு. 100 கிராமுக்கு 9 முதல் 11 கிராம்வரை புரதம் இருக்கும். ரொட்டி மாவு என்று தனியாக விற்பதில் 12, 13 கிராம் இருக்கும். பொட்டலத்தைத் திருப்பிச் சத்து அட்டவணையில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். பெயரைவிட அந்த எண்தான் நம்பகமானது. பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். ஈப்போவுக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று கிலோ சேர்த்து வாங்கி வரலாம்.

ஆட்டா மாவில் தவிடு இருப்பதால் அதன் கூர்மையான துகள்கள் குளூட்டன் வலையை அறுக்கும். முழுக்க ஆட்டா போட்டால் ரொட்டி குட்டையாக, கனமாகத்தான் வரும். பாதி ஆட்டா, பாதி ரொட்டி மாவு என்று தொடங்குங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஆட்டா ரொட்டி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதிலும் மாவுச்சத்து இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம், மெஷின் வாங்கும் பணத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசுக்கும் ஒதுக்கிவிடுங்கள். கப் அளவில் அள்ளினால் ஒரு தடவை அமுக்கி அள்ளுவோம், ஒரு தடவை லேசாக அள்ளுவோம். போதாததற்கு ஜப்பான் கப் 200 மில்லி, அமெரிக்கக் கப் 240 மில்லி. 300 கிராம் மாவுக்கு 190 கிராம் தண்ணீர் என்று எடை போட்டால் அந்தத் தொல்லையே இல்லை. நம் ஈரக் காற்றில் மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், பிசையத் தொடங்கி எட்டுப் பத்து நிமிடத்தில் ஒரு முறை எட்டிப் பாருங்கள். மாவு ஒரே உருண்டையாகி, பாத்திரத்தின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். தொட்டால் கொஞ்சம் ஒட்டி, கையை எடுக்கும்போது விட்டுவிட வேண்டும். அடியில் கூழாகப் பரவிக் கிடந்தால் ஒரு கரண்டி மாவு. துடுப்பு தடதடவென்று அடித்துக்கொண்டு, மாவு இரண்டு மூன்று கட்டியாக உருண்டால் ஒரு கரண்டி தண்ணீர். சில நாள் பழகினால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இனி வாங்கப் போகலாம்

விலை 200, 300 ரிங்கிட்டில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

என் பார்வையில் முதல் இடம் பாத்திரத்துக்கு. கையில் எடுத்துத் தூக்கிப் பாருங்கள். கனமான வார்ப்பு அலுமினியப் பாத்திரம் சூட்டைச் சீராகப் பரப்பும். ரொட்டியின் நான்கு பக்கமும் ஒரே நிறத்தில் வரும். மெல்லிய தகட்டுப் பாத்திரத்தில் கம்பிக்கு அருகில் இருக்கும் பக்கம் கருகி, மேல்பக்கம் வெளுத்துப் போகும். பாத்திரத்தின் வடிவமும் முக்கியம். உயரமான சதுரப் பாத்திரத்தில் ஒரு துடுப்பு இருக்கும். மாவு நடுவில் உருண்டையாகச் சேர்ந்து நன்றாகப் பிசைபடும், ஆனால் ரொட்டி கொஞ்சம் நெட்டையாக வரும். நீளமான பாத்திரத்தில் கடை ரொட்டியைப் போன்ற வடிவம் கிடைக்கும், பெரும்பாலும் இரண்டு துடுப்பு இருக்கும். ஒரே துடுப்பு வைத்த நீளப் பாத்திரத்தில் இரண்டு மூலையிலும் மாவு பிசைபடாமல் காய்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

அளவில் ஆசைப்படாதீர்கள். 1 பவுண்டு, ஒன்றரைப் பவுண்டு, 2 பவுண்டு என்று போட்டிருப்பார்கள். 1 பவுண்டு என்பது 450 கிராம் ரொட்டி. 250 முதல் 300 கிராம்வரை மாவு பிடிக்கும். 2 பவுண்டுக்கு அரைக் கிலோ மாவு. வீட்டில் செய்த ரொட்டியில் கால்சியம் புரோப்பியோனேட் போன்ற பூசணத் தடுப்பான் கிடையாது. நம் ஈரப்பதத்தில் மூன்றாம் நாள் பச்சை பூத்துவிடும். ஐஸ்பெட்டியில் வைத்தால் அவ்வளவு சீக்கிரம் பூசணம் பிடிக்காது, ஆனால் ரொட்டி சீக்கிரம் விறைத்துப்போகும். உறைபெட்டியில் வெட்டி வைப்பதுதான் நல்லது. நான்கு பேர் வீட்டுக்கு ஒன்றரைப் பவுண்டு போதும். பெரிய பாத்திரத்தில் சின்ன அளவு மாவைப் போட்டால் அது தட்டையாகப் பரவி, சரியாகப் பிசைபடாமலும் போகும்.

புரோகிராம் எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டாம். 25 புரோகிராம் என்று பெட்டியில் போட்டிருந்தால், தயிர், ஜாம், கேக், கடலை வறுத்தல் எல்லாம் அதில் அடக்கம். அதெல்லாம் இதே மோட்டாரையும் கம்பியையும் வேறு வேறு நேரத்துக்கு ஓட்டுவதுதான். நிஜமாகவே தேவைப்படுவது மூன்று நான்கு. சாதாரண ரொட்டி ஒன்று. ஆட்டா ரொட்டி ஒன்று. இவற்றைவிட முக்கியமாக, பிசைவது மட்டும் என்று ஒன்றும், சுடுவது மட்டும் என்று ஒன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்? மெஷினுக்குக் கண் இல்லாத இடம் நடுவில் மாவு உப்புகிற நேரம்தான் என்று பார்த்தோம். பிசைவதை மட்டும் மெஷினிடம் கொடுத்து, உப்புவதை நீங்கள் பார்த்து, மாவு பாத்திரத்தின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வந்ததும் சுடும் பட்டனை அமுக்கினால், அந்தக் கண்ணை நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, அன்றைய வெயிலுக்குத் தகுந்தபடி. சில மெஷின்களில் ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் நாமே மாற்றிச் சேமித்துக்கொள்ள முடியும். கூடுதலாக நூறு ரிங்கிட் கொடுப்பதாக இருந்தால் நான் அதற்குத்தான் கொடுப்பேன்.

சுடுவது மட்டும் என்ற புரோகிராமுக்கு இன்னொரு பயனும் உண்டு. சாயங்கால இடிமழையில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. பல மெஷின்கள் சில நிமிடம்வரை விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். எத்தனை நிமிடம் என்று கையேட்டில் பாருங்கள். அதற்கு மேல் போனால் மறந்துவிடும், மறுபடி பட்டனை அமுக்கினால் முதலிலிருந்துதான் பிசையும். சுடுவது மட்டும் என்ற பட்டன் இருந்தால், கரண்ட் வந்ததும் உப்பிய மாவைக் கலைக்காமல் அப்படியே சுட்டுவிடலாம்.

விலை கூடிய மெஷின்கள் சிலவற்றில், பானசோனிக் மாடல்கள் உட்பட, அறைச் சூட்டையும் உள்சூட்டையும் தனித்தனியாகப் பார்க்கும் இரண்டு உணரிகள் இருக்கின்றன. அதற்கேற்ப நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். பட்டனை அமுக்கியும் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காமல் இருந்தால் பயப்படாதீர்கள். பொருள்களின் சூட்டைச் சமன் செய்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அதுவும் சூட்டைத்தான் பார்க்கிறது, மாவின் உயரத்தை அல்ல. குளிரவைக்கவும் அதனால் முடியாது. ஐஸ்பெட்டித் தண்ணீர் அதற்கும் வேண்டும்.

ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுக்கும் தாமத டைமர் பலருக்குப் பிடித்த வசதி. 5 மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிற வீட்டில் அது பெரிய உதவி. தண்ணீர் கீழே, அதை மூடி மாவு, மாவின் மேல் குழி பறித்து அதில் ஈஸ்ட் என்று போட வேண்டும். ஈஸ்ட்டில் தண்ணீர் பட்டால் ராத்திரியே வேலையைத் தொடங்கிவிடும். பால், முட்டை சேர்க்கும் ரொட்டிக்கு இந்த டைமர் வேண்டாம், நம் சூட்டில் இரவு முழுதும் வெளியே இருந்தால் கெட்டுவிடும். ஒட்டுச் சுவர் வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 2 மணிக்கு மெஷின் பிசையும் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஆட்டத்தில் மெல்ல நகர்ந்து மேசை ஓரத்துக்கும் வந்துவிடும். சுவரை ஒட்டாமல், ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

வாட் பற்றிக் கவலையே வேண்டாம். 500 முதல் 700 வாட்வரை இருக்கும், அதுவும் சுடும் ஒரு மணி நேரத்தில்தான் கம்பி முழுதாக எரியும். ஒரு ரொட்டிக்கு ஒரு யூனிட்டைத் தாண்டுவது அரிது. திராட்சை தானாகக் கொட்டும் டப்பா, விளக்கு, வைஃபை இதெல்லாம் இருந்தால் இருக்கட்டும்.

மின்னழுத்தத்தை மட்டும் மறக்காமல் பாருங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் வீட்டு 230, 240 வோல்ட்டில் செருகினால் அங்கேயே எரிந்துவிடும். பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள், சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். துடுப்பும் பாத்திரமும் தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். மோட்டாருக்கு முன்னால் தேய்வது அவைதான்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு

தெரிந்தவர் வீட்டு அலமாரியில் தூங்கும் மெஷினைப் பாதி விலைக்கு வாங்குவது நல்ல யோசனை. அதிகம் ஓடாத மெஷினாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். துடுப்பைக் கழற்றி, பாத்திரத்தின் ஒட்டாத பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சைச் சுற்றித்தான் முதலில் உரியும். பிறகு மெஷினைச் செருகி, பிசையும் புரோகிராமை ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டுக் காதைக் கொடுங்கள். சீராகச் சுழலும் சத்தம் வந்தால் சரி. கிறீச்சென்றோ விட்டுவிட்டோ கேட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் வார் தேய்ந்திருக்கலாம். கடைசியாக, பாத்திரத்தை வெளியே எடுத்து அதில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி, ஒரு காய்ந்த துணியின் மேல் பத்து நிமிடம் வையுங்கள். துணி நனைந்தால் அச்சில் இருக்கும் கசிவுத் தடுப்பு வளையம் போய்விட்டது. அந்த மாடலுக்குப் புதுப் பாத்திரம் எங்கே, எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டு, அந்தத் தொகையைக் கழித்து விலை பேசுங்கள்.